எக்ஸ்பிரஷனிச ஓவியத்தின் வேர்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நவீன ஓவியத்தைப் பற்றிப் பேசும் கூட்டங்களிலும் வகுப்புகளிலும் எக்ஸ்பிரஷனிசம் என்ற பேச்சு வந்தாலே சில சந்தேகங்கள் திரும்பத் திரும்ப எழுகின்றன. ஆட்கள் மாறினாலும் கேள்விகள் மாறுவதில்லை. கேட்டவர்களின் வாய்மொழியிலேயே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். இயக்கம் உருவான பிறகு நடந்ததைவிட, அது எங்கிருந்து முளைத்தது என்பதைப் பற்றித்தான் இதில் அதிகம். எளிய கேள்விகள் முதலில் வரும், சிக்கலானவை போகப்போக.

எக்ஸ்பிரஷனிசம்னா என்னங்க? சுருக்கமா சொல்லுங்க.

கண்ணுக்குத் தெரிவதை அப்படியே தீட்டாமல், அதைப் பார்க்கும்போது மனதில் எழும் உணர்ச்சிக்கு ஏற்ப நிறத்தையும் உருவத்தையும் மாற்றித் தீட்டுவது. பயந்தவனுக்குத் தெரு வளைந்து தெரிந்தால், படத்திலும் தெரு வளைந்தே இருக்கும். முகம் பச்சையாக இருக்கலாம், வானம் ரத்தச் சிவப்பாக இருக்கலாம். பொருள் எப்படி இருந்தது என்பதற்கு ஓவியர் பொறுப்பேற்பதில்லை. தனக்கு என்ன ஆனது என்பதற்குத்தான் பொறுப்பேற்கிறார்.

இயக்கமாகப் பார்த்தால், 1905இலிருந்து முதல் உலகப் போர்க்காலம் வரை ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் வேகமாக வளர்ந்தது. டிரெஸ்டன், பெர்லின், மியூனிக், வியன்னா என்ற நான்கு ஊர்களை நினைவில் வைத்துக்கொண்டால் வழி தவறாது.

இம்ப்ரெஷனிசம், எக்ஸ்பிரஷனிசம்... ரெண்டும் ஒண்ணுதானா? பேரு ஒரே மாதிரி இருக்கே.

போக வேண்டிய திசையே வேறு. இம்ப்ரெஷனிஸ்டான மோனே 1890-91இல் வைக்கோல் போர்களை வரிசையாகத் தீட்டினார். காலை வெயிலில் எப்படி, மாலையில் எப்படி, பனியில் எப்படி என்று வெளிச்சத்தைத் துரத்தினார். எக்ஸ்பிரஷனிஸ்டுக்கு வெளிச்சம் அவ்வளவு முக்கியமில்லை.

ஆனால் கடன் உண்டு. தூரிகைத் தடத்தை மறைக்காமல் விடலாம், கறுப்பு இல்லாமலே நிழல் போடலாம் என்ற துணிச்சலை முதலில் கொடுத்தவர்கள் இம்ப்ரெஷனிஸ்டுகள்தான். 1896இல் மாஸ்கோவில் மோனேயின் வைக்கோல் போர் ஒன்றைப் பார்த்த, பின்னால் ஓவியரான ரஷ்யர் கண்டின்ஸ்கிக்கு அது என்ன பொருள் என்றே முதலில் பிடிபடவில்லை. பொருள் பிடிபடாமலே படம் தன்னை உலுக்கியது அவர் மனதில் தங்கிவிட்டது. அப்போது அவர் சட்டம் படித்தவர். அதே ஆண்டில் ஓவியம் கற்க மியூனிக் போனார்.

எந்த வருஷம் ஆரம்பிச்சது? பரீட்சைக்கு ஒரு தேதி வேணும்.

1905 ஜூன் 7 என்று எழுதலாம். அன்று டிரெஸ்டனில் கட்டடக்கலை மாணவர்கள் நால்வர் 'பாலம்' என்ற பெயரில் ஒரு குழுவைத் தொடங்கினார்கள்: எர்ன்ஸ்ட் லுட்விக் கிர்ஷ்னர், எரிக் ஹெக்கெல், கார்ல் ஷ்மிட்-ராட்லுஃப், ஃப்ரிட்ஸ் ப்ளைல். மறு ஆண்டு நகரின் ஓரத்தில் ஒரு விளக்குத் தொழிற்சாலையின் காட்சிக்கூடத்தில் கண்காட்சி வைத்தார்கள். 1911 டிசம்பரில் மியூனிக்கில் கண்டின்ஸ்கியும் ஃப்ரான்ஸ் மார்க்கும் 'நீலக் குதிரைவீரன்' குழுவின் முதல் கண்காட்சியை நடத்தினார்கள். எக்ஸ்பிரஷனிசம் என்ற பெயர் பரவியதும் 1911 வாக்கில்தான். அந்த ஆண்டு பெர்லின் கண்காட்சி ஒன்றில் பிரெஞ்சு இளம் ஓவியர்களைத்தான் அப்படி அழைத்தார்கள். பெயர் அப்புறம்தான் ஜெர்மானியர்கள் மேல் ஒட்டிக்கொண்டது.

பரீட்சைக்கு இது போதும். ஆனால் வேரைத் தேடுபவர்கள் இன்னும் 20 ஆண்டு பின்னால் போக வேண்டும். 1880களில் ஒருவரோடு ஒருவர் பெரிதாகத் தொடர்பில்லாமல், வெவ்வேறு ஊர்களில், சிலர் இதே முடிவுக்கு வந்திருந்தார்கள்.

ஒழுங்கா வரையத் தெரியாததாலதானே இப்படிக் கோணல்மாணலா வரைஞ்சாங்க?

இந்தக் கேள்வியை யார் கேட்டாலும் எனக்குக் கோபம் வருவதில்லை, ஏனென்றால் அந்தக் காலத்திலும் இதையேதான் கேட்டார்கள். நார்வே ஓவியர் எட்வர்ட் மங்கின் 1880களின் தொடக்கப் படங்களைப் பாருங்கள். அச்சு அசலான உருவப்படங்கள். அதைச் செய்ய முடிந்தவர் அதை விட்டுவிட்டார். கிர்ஷ்னர் கட்டடக்கலைப் பட்டம் வாங்கியவர். அளவும் கோணமும் பிசகாமல் கோடு போடுவதுதான் அவர் படித்த படிப்பு.

டிரெஸ்டன் நால்வரும் ஓவியக் கல்லூரியில் முறையாகப் பயின்று தேறியவர்கள் அல்ல என்பது உண்மைதான். அதை அவர்கள் ஒரு குறையாக நினைக்கவில்லை. மாடல் ஒரே நிலையில் மணிக்கணக்கில் உட்காரும் கல்லூரி வழக்கத்தை ஒதுக்கிவிட்டு, கால் மணி நேரத்துக்கு ஒருமுறை நிலையை மாற்றச் சொல்லி வரைந்தார்கள். கை யோசிக்கும் முன் கோடு விழ வேண்டும் என்பது நோக்கம். பின்னர் எண்ணெய் வண்ணத்தில் பெட்ரோல் கலந்து நீர்க்கச் செய்து தீட்டினார்கள். சீக்கிரம் காயும், பளபளப்பு வராது, பெரிய பரப்பை வேகமாக நிரப்பலாம். கோணல் அவர்கள் விரும்பித் தேர்ந்தெடுத்த வேகத்தின் விளைவு.

வான்கோ எக்ஸ்பிரஷனிஸ்டா, இல்லையா? ஒவ்வொரு புத்தகத்துல ஒவ்வொரு மாதிரி இருக்கு.

இயக்கத்தில் அவர் இல்லை. 1890 ஜூலை 29 அன்று இறந்துவிட்டார், மேலே சொன்ன குழு தொடங்க இன்னும் 15 ஆண்டு இருந்தது. ஆனால் வேர் எது என்று ஒரே ஒரு படத்தைக் காட்டச் சொன்னால் நான் அவருடைய 'இரவு விடுதி'யைத்தான் காட்டுவேன். 1888 செப்டம்பரில் ஆர்ல் நகரில், மூன்று இரவு கண்விழித்துத் தீட்டியது. ரத்தச் சிவப்புச் சுவர்கள், பச்சைக் கூரை. நடுவே பச்சை பில்லியர்ட்ஸ் மேசை, அதன் நிழல் தரையில் கனமாக விழுகிறது. தொங்கும் நான்கு விளக்குகளைச் சுற்றி வெளிச்சம் வட்டம் வட்டமாகச் சுழல்கிறது. கடிகாரத்தில் நள்ளிரவு தாண்டியிருக்கிறது. மேசைகளில் கவிழ்ந்து கிடப்பவர்கள் ஓரங்களுக்கு ஒதுங்கியிருக்கிறார்கள். தரைப்பலகைகள் நம்மை நோக்கிச் சரிந்து வருவதால், நிற்கும் இடமே வழுக்குவது போல இருக்கும்.

சிவப்பையும் பச்சையையும் கொண்டு மனிதர்களின் கொடிய உணர்ச்சிகளை வெளிப்படுத்த முயன்றதாகத் தம்பி தியோவுக்கு எழுதினார். ஒருவன் நாசமாகிப் போகக்கூடிய, பித்துப் பிடிக்கக்கூடிய, குற்றம் செய்யக்கூடிய இடம் அது என்பதைச் சொல்வதே எண்ணம் என்றும் எழுதினார். அந்த விடுதியின் சுவர் உண்மையில் என்ன நிறம் என்ற கேள்விக்கே அங்கே இடமில்லை. பின்னால் ஜெர்மனியில் இளைஞர்கள் கொள்கையாகப் பேசியது முழுவதும் இந்தக் கடிதத்தில் இருக்கிறது.

1905 நவம்பரில் டிரெஸ்டனின் ஆர்னால்ட் காட்சிக்கூடத்துக்கு வான்கோவின் ஓவியங்கள் வந்தன. அப்போது 'பாலம்' குழுவுக்கு வயது ஐந்து மாதம். அடுத்த இரண்டு ஆண்டுகளில் அவர்கள் தீட்டிய நிலக்காட்சிகளில் அந்தத் தடித்த, முறுக்கிய தூரிகைத் தடம் அப்படியே தெரியும். பரம்பரையை நிரூபிக்க இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை.

இப்போ நாம பாக்குற நிறம்தான் அவங்க போட்ட நிறமா?

பல படங்களில் இல்லை. வான்கோ தன் படுக்கையறைச் சுவரை வெளிர் ஊதா என்று கடிதத்தில் எழுதியிருக்கிறார். இன்று அது நீலமாக நிற்கிறது, ஏனென்றால் ஊதாவுக்குள் கலந்திருந்த சிவப்பு வெளுத்துவிட்டது. ஆகவே இணையத்தில் ஒரு படத்தைப் பார்த்துவிட்டு நீலத்துக்கு விளக்கம் எழுதுபவர்கள், முதலில் கடிதத்தைப் படிப்பது நல்லது.

'அலறல்' படத்துல கத்துறது அந்த ஆள்தானே?

பெரும்பாலும் எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். படத்தைத் தீட்டிய மங்க் எழுதிவைத்தது வேறு. 1892 ஜனவரியில் நீஸ் நகரிலிருந்து எழுதிய குறிப்பில், இரண்டு நண்பர்களோடு சாலையில் நடந்ததையும், சூரியன் மறையும்போது வானம் ரத்தச் சிவப்பானதையும், களைத்துப்போய் வேலியில் சாய்ந்ததையும் சொல்கிறார். நண்பர்கள் நடந்துகொண்டே போனார்கள். அவர் மட்டும் நடுங்கி நின்று, இயற்கையினூடே ஓர் முடிவற்ற அலறல் கடந்து போவதை உணர்ந்தார். அப்படியானால் அலறுவது இயற்கை. அந்த உருவம் காதைப் பொத்திக்கொண்டு நிற்கிறது.

படத்தை இந்தக் குறிப்போடு சேர்த்துப் பாருங்கள். இடது ஓரத்தில் இரண்டு நெட்டையான உருவங்கள் நேராக நடந்து போகின்றன. அவர்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை, அவர்கள் உடலில் ஒரு வளைவுகூட இல்லை. பாலத்தின் கைப்பிடியும் நேர்கோடுதான். வானமும் கடலும் மட்டும் வளைகின்றன, அந்த வளைவு முன்னால் நிற்கும் உருவத்தின் உடலுக்குள் புகுந்துவிட்டது. கேட்டவனுக்கும் கேட்காதவனுக்கும் உள்ள வேறுபாட்டைக் கோட்டின் வடிவத்தாலேயே காட்டிவிட்டார்.

1893இல் தீட்டிய படம் ஆஸ்லோ தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கேன்வாஸ் இல்லை, சாதாரண அட்டை. அட்டையின் பழுப்பு பல இடங்களில் வெறுமையாகத் தெரிகிறது. கீழே ஒரு வெள்ளைக் கறை உண்டு. பறவையின் எச்சம் என்று வெகுகாலம் சொல்லிவந்தார்கள், 2016இல் சோதித்தபோது மெழுகு என்று தெரிந்தது. தீட்டியதும் வரைந்ததுமாக மொத்தம் நான்கு வடிவங்கள், அவை தவிர 1895இல் கல் அச்சு ஒன்று. அச்சுப் பிரதி வழியாகத்தான் படம் முதலில் ஊர் ஊராகப் பரவியது.

வானம் சிவப்பா இருந்ததுக்கு க்ரகடோவா எரிமலைதான் காரணமாமே?

1883இல் க்ரகடோவா வெடித்தபோது எழுந்த தூசியால் ஐரோப்பாவில் பல மாதங்கள் அந்திவானம் செக்கச்செவேல் என்று இருந்தது உண்மை. அதை மங்க் நினைவில் வைத்திருந்து தீட்டினார் என்று அமெரிக்க ஆய்வாளர்கள் 2004இல் சொன்னார்கள். வேறு சிலர் வடதுருவப் பகுதிகளில் குளிர்காலத்தில் தோன்றும் முத்து நிற மேகங்களைக் காரணம் காட்டுகிறார்கள்.

இரண்டில் எது சரியானாலும் எனக்கு ஒன்றுதான் தோன்றுகிறது. அந்த வானத்தை அந்த ஊரே பார்த்தது, வெயில் தணிந்ததும் வீட்டுக்குப் போனது. கூட வந்த நண்பர்களும் பார்த்தார்கள். வானிலை நிறத்துக்குக் காரணம் சொல்லலாம், அலறலுக்குச் சொல்ல முடியாது.

வான்கோ, மங்க் ரெண்டு பேருக்கும் மனநோய். அதுதான் இந்தப் பாணிக்கே காரணமா?

நோய் இருந்தது, துயரமும் இருந்தது. மங்குக்கு ஐந்து வயதாகும்போது அம்மா காசநோயில் இறந்தார். 1877இல் அக்கா சோஃபியும் அதே நோயில் போனார், வயது 15. அந்த அக்காவின் நினைவில்தான் 'நோயுற்ற குழந்தை' என்ற படத்தை 1885-86இல் தீட்டினார். தீட்டுவது, சுரண்டுவது, மறுபடி தீட்டுவது என்று திரும்பத் திரும்ப அதிலேயே கிடந்தார். படத்தின் பரப்பில் அந்தச் சுரண்டல் கோடுகள் இன்றும் இருக்கின்றன, கண்ணீருக்கு ஊடே பார்ப்பது போல. அந்தப் படத்தை ஊர் எள்ளி நகையாடியது.

ஆனால் நோய் படம் வரையாது. மங்க் வாழ்நாள் முழுவதும் ஒரே கருவை எடுத்து வண்ணம், அச்சு, மரம் என்று பல வழிகளில் சோதித்துப் பார்த்த கைவினைஞர். 1908இல் நரம்புத் தளர்ச்சிக்காகக் கோபன்ஹேகனில் சிகிச்சை எடுத்தார். அதன் பிறகு 35 ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்து, ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஓவியங்களை ஆஸ்லோ நகருக்கு விட்டுச் சென்றார். வான்கோவும் நோய் முற்றிய நாட்களில் வேலை செய்ய முடியாமல்தான் கிடந்தார், தெளிந்த நாட்களில்தான் தீட்டினார்.

'அலறல்' படத்தின் மேல்பக்கம் பென்சிலில் ஒரு வரி இருக்கிறது: பைத்தியக்காரன்தான் இதைத் தீட்டியிருக்க முடியும் என்று. யாரோ பார்வையாளர் கிறுக்கியது என்று நீண்டகாலம் நம்பப்பட்டது. 2021இல் அருங்காட்சியகம் கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்த்து, மங்கே எழுதியது என்று அறிவித்தது. படம் காட்சிக்கு வந்த நாட்களில் ஒரு மருத்துவ மாணவர் அவருடைய மனநிலையைப் பொது விவாதத்தில் கேள்விக்குள்ளாக்கினார். அந்தக் காயம்தான் இந்த வரி என்று கருதப்படுகிறது. கேள்வி கேட்பவர்கள் இதையும் நினைத்துக்கொள்ள வேண்டும்.

இவங்க ரெண்டு பேரைத் தவிர வேற முன்னோடிகள் கிடையாதா?

நிறைய உண்டு. இருவரைக் கட்டாயம் சொல்ல வேண்டும். பால் கோகன் 1888இல் தீட்டிய 'பிரசங்கத்துக்குப் பின் காட்சி'யில் வயல்வெளி முழுவதும் தட்டையான சிவப்பு. கோயிலிலிருந்து வெளியே வரும் பிரெட்டன் (பிரான்சின் பிரிட்டனி பகுதி) பெண்கள் மனக்கண்ணில் காணும் காட்சி என்பதால் அங்கே புல் பச்சையாக இருக்கத் தேவையில்லை.

இன்னொருவர் பெல்ஜியத்தின் ஜேம்ஸ் என்சோர். ஆஸ்டெண்ட் என்ற கடற்கரை ஊரில், சிப்பிகளும் திருவிழா முகமூடிகளும் விற்ற குடும்பத்துக் கடைக்கு நடுவே வளர்ந்தவர். அவருடைய படங்களில் மனிதர்கள் முகமூடி அணிந்திருக்கிறார்களா, முகமே முகமூடியாகிவிட்டதா என்று பிரிக்க முடியாது. 1888இல் 'கிறிஸ்து பிரஸ்ஸல்ஸில் நுழைதல்' என்ற படத்தைத் தீட்டினார். நாலே கால் மீட்டர் அகலம். ஊர்வலக் கூட்டம் முட்டிமோதி நம்மேல் வந்து விழுவது போல இருக்கும். இத்தனை ஆரவாரத்துக்குக் காரணமான கிறிஸ்து எங்கே என்று தேடிக் கண்டுபிடிக்க வேண்டும், தூரத்தில் கழுதை மேல் சின்னதாக இருக்கிறார். அந்தப் படத்தை 1929 வரை பொதுவில் யாரும் பார்க்கவில்லை. ஆனால் என்சோரின் மற்ற படங்களும் அச்சுகளும் ஜெர்மனிக்குப் போயின. ஜெர்மன் ஓவியர் எமில் நோல்டே 1911இல் ஆஸ்டெண்டுக்கே போய் அவரைச் சந்தித்தார், அதே ஆண்டு முகமூடிகளைத் தீட்டினார்.

க்ரூனவால்ட், எல் கிரேக்கோ எல்லாம் 400 வருஷம் முன்னாடி ஆட்கள். அவங்களையும் இந்தப் பட்டியல்ல எதுக்குச் சேர்க்கிறாங்க?

இங்கேதான் நான் ஒரு வேறுபாட்டை வலியுறுத்துவேன். வான்கோவும் மங்கும் கையோடு கை தொட்ட வேர்கள்: இன்ன கண்காட்சி, இன்ன மாதம் என்று காட்ட முடியும். பழைய ஜெர்மன் ஓவியர் க்ரூனவால்டும் ஸ்பெயினில் வாழ்ந்த எல் கிரேக்கோவும் பின்னால் வந்தவர்கள் தேர்ந்தெடுத்துக்கொண்ட மூதாதையர். புதிதாக ஒன்றைச் செய்தவர்கள், நாங்கள் தனியாள் அல்ல என்று சொல்வதற்குப் பழைய உறவைத் தேடிப் பிடித்தார்கள். எல் கிரேக்கோ பல தலைமுறை மறக்கப்பட்டிருந்தவர். 'நீலக் குதிரைவீரன்' குழு 1912இல் வெளியிட்ட தொகுப்பில் அவர் படம், குழந்தைகள் வரைந்தவை, பவேரியக் கிராமத்துக் கண்ணாடி ஓவியங்கள், பசிபிக் தீவுச் சிற்பங்கள் எல்லாம் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன.

அதற்காக அந்த உறவு பொய் என்று சொல்ல மாட்டேன். மத்தியாஸ் க்ரூனவால்ட் 1512-16இல் இசன்ஹைம் மடத்துக்காகத் தீட்டிய பலிபீடத்தைப் பார்த்தவர்கள் இதை ஒப்புக்கொள்வார்கள். அது ஒரு மருத்துவமனை மடம். பூஞ்சை பிடித்த ரை என்ற தானியத்தைத் தின்று, கைகால் எரிந்து அழுகும் நோயோடு வந்தவர்களைப் பராமரித்த இடம். சிலுவையில் இருக்கும் கிறிஸ்துவின் தோல் பச்சை பாய்ந்து, முள் தைத்த புண்களால் நிறைந்திருக்கிறது. ஆணி அடித்த கைகளின் விரல்கள் முறுக்கிக்கொண்டு மேல்நோக்கி விரிந்து நிற்கின்றன. படுக்கையிலிருந்து தூக்கிவரப்பட்ட நோயாளி தன் உடலையே அங்கே கண்டான். அழகைவிட உண்மை பெரிது என்று முடிவெடுத்த ஓவியம் அது. முதல் உலகப் போரின் கடைசியில் அது பாதுகாப்புக்காக மியூனிக்குக் கொண்டுபோகப்பட்டது. போரில் நொந்துபோன மக்கள் திரள் திரளாக வந்து பார்த்தார்கள்.

மரத்துல செதுக்கி அச்செடுக்கிறதுல இவங்களுக்கு ஏன் அவ்வளவு ஆர்வம்?

மரம் எதிர்க்கும், அதனால்தான். தூரிகை போகிற போக்கில் போகும், உளி போகாது. கையின் பலம் கோட்டில் தங்கிவிடும். நடுச்சாயல் கிடையாது, கறுப்பு அல்லது வெள்ளை. 1500 வாக்கில் வாழ்ந்த டியூரர் காலத்து ஜெர்மன் மரபும், ஜப்பானிய அச்சுகளும், தஹிதியிலிருந்து திரும்பிய கோகன் 1893-94இல் முரட்டுத்தனமாகச் செதுக்கிய பலகைகளும் இவர்கள் முன்னால் இருந்தன.

மங்க் இதில் செய்தது எனக்கு மிகவும் பிடித்தது. ஒரே பலகையில் செதுக்கிய பிறகு, அதை இழைவாளால் வெட்டித் துண்டுகளாக்குவார். வானம் ஒரு துண்டு, தரை ஒரு துண்டு. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே மை தடவி, குழந்தைகளின் புதிர்ப்படம் போல மறுபடி சேர்த்து, ஒரே அழுத்தில் அச்செடுப்பார். துண்டுகளுக்கு இடையே மெல்லிய வெள்ளைக் கோடு விழும். 'முத்தம்' அச்சில் மரத்தின் ரேகைகளையே பின்னணியாக விட்டிருக்கிறார். ஒட்டி நிற்கும் இருவரின் மேல் அந்த ரேகைகள் மழை போல இறங்குகின்றன. 1906இல் 'பாலம்' குழு தன் அறிக்கையையே மரத்தில் செதுக்கி அச்சிட்டது. எழுத்தும் செதுக்கியதுதான்.

ஆப்பிரிக்க முகமூடியைப் பார்த்துக் காப்பியடிச்சாங்கன்னு சொல்றாங்களே?

டிரெஸ்டன் இனவியல் அருங்காட்சியகத்தில் அவர்கள் மணிக்கணக்கில் வரைந்தார்கள். பசிபிக்கிலுள்ள பலாவ் தீவுகளின் ஆண்கள் கூடும் மன்ற வீடுகளிலிருந்து வந்த, செதுக்கி வண்ணம் தீட்டிய உத்தரங்கள் அங்கே இருந்தன. கிர்ஷ்னரின் உருவங்களில் அந்தக் கூர்மையான வெட்டு இருக்கிறது. அவற்றை மதித்தார்கள், கற்றார்கள் என்பது உண்மை.

அவை அங்கே எப்படி வந்தன என்பதும் உண்மைதான். பலாவ் 1899 முதல் ஜெர்மன் காலனி. 1897இல் பிரிட்டிஷ் படை ஆப்பிரிக்காவின் பெனின் நகரைச் சூறையாடி அள்ளிய வெண்கலச் சிற்பங்கள் ஐரோப்பிய அருங்காட்சியகங்களுக்கு விற்கப்பட்டன, ஜெர்மனிக்கும் வந்தன. அந்தச் சிற்பிகள் நூற்றாண்டுகளாகக் கற்றுத் தேர்ந்த கலைஞர்கள். ஐரோப்பியர்கள் அவர்களை 'ஆதிமனிதன்', 'குழந்தை மனம்' என்று அழைத்துப் பாராட்டினார்கள். அந்தப் பாராட்டில் இருக்கும் அவமரியாதையைச் சொல்லாமல் இந்த வேரைப் பற்றிப் பேசுவது நேர்மையாகாது.

இந்தியாவுக்கும் இதுக்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா?

உண்டு, பலருக்குத் தெரியாது. ஜான் க்ரிஃபித்ஸ் என்பவர் பம்பாய் ஓவியக் கல்லூரி மாணவர்களைக் கொண்டு அஜந்தா சுவரோவியங்களைப் படியெடுத்து, 1896-97இல் இரண்டு பெரிய தொகுதிகளாக வெளியிட்டார். அந்த நூல் டிரெஸ்டனில் கிர்ஷ்னர் கைக்குக் கிடைத்தது. அஜந்தாவுக்கு முன்னால் தன் முயற்சிகள் எல்லாம் வெறுமையாகவும் பதற்றமாகவும் தோன்றியதாகப் பின்னர் எழுதினார். அதிலிருந்து உருவங்களைப் படியெடுத்தும் வரைந்தார். 1911 வாக்கில் அவர் தீட்டிய குளிக்கும் பெண்களின் உடல்களில் வரும் உருண்டு திரண்ட தன்மைக்கு இது ஒரு காரணம். ஐரோப்பியக் கலையின் வேர் அஜந்தா என்று இதைப் பெரிதுபடுத்திவிட வேண்டாம். ஒரு ஓவியர், ஒரு கட்டத்தில், ஒரு நூலிலிருந்து கற்றுக்கொண்டார்.

எதிர்த்திசையிலும் ஒரு பயணம் நடந்தது. 1922 டிசம்பரில் கல்கத்தாவில் கண்டின்ஸ்கி, பால் க்ளே உள்ளிட்டவர்களின் படங்கள் காட்சிக்கு வந்தன.

ஓவியர் பட்டியல்ல பெண்களே இல்லையே?

பட்டியல் போட்டவர்களின் குறை அது. பாவ்லா மோடர்சோன்-பெக்கர் பிறந்தது டிரெஸ்டனில், 1876இல். பாரிஸுக்குத் திரும்பத் திரும்பப் போய், லூவரில் எகிப்தியச் சவப்பெட்டிகளில் தீட்டப்பட்ட பெரிய கண்களுள்ள முகங்களைப் பார்த்துக் கற்றார். 1906இல் தன்னைத் தானே, மேலாடை இன்றி, கழுத்தில் அம்பர் மாலையோடு, கர்ப்பிணியைப் போல வயிற்றில் கைவைத்துத் தீட்டினார். அப்போது அவர் கர்ப்பமாக இல்லை. மறு ஆண்டு மகள் பிறந்து சில வாரங்களில் இறந்தார். வயது 31. விற்றவை விரல்விட்டு எண்ணக்கூடிய படங்கள்தான். 1927இல் பிரெமன் நகரில் அவருக்காகத் திறந்த அருங்காட்சியகம், ஒரு பெண் ஓவியருக்கென்றே உலகில் எழுந்த முதல் அருங்காட்சியகம்.

மியூனிக்கில் காப்ரியலே முன்டர். மேலே சொன்ன கண்ணாடி ஓவியத்தைக் கைவினைஞரிடமே கற்று, கறுப்பு விளிம்புக்குள் கெட்டி நிறம் போடும் முறையைத் தன் பாணியாக்கினார். நாஜி காலத்தில் கண்டின்ஸ்கியின் படங்களைத் தன் வீட்டு அடித்தளத்தில் ஒளித்துக் காத்தவரும் அவர்தான்.

கிர்ஷ்னர் தன் படங்களுக்குப் பழைய தேதி போட்டாராமே? அப்போ யாரை நம்புறது?

போட்டார். பலவற்றில் ஓரிரு ஆண்டுகள் முன்தேதி இட்டார், சில பழைய படங்களை மறுபடி தீட்டித் திருத்தினார். மங்கின் தாக்கமோ பிரெஞ்சு ஓவியர் மத்தீஸின் தாக்கமோ தனக்கு இல்லை என்று மறுத்தார். தன் படங்களைப் பாராட்டி ஒரு பிரெஞ்சு விமர்சகர் பெயரில் தானே கட்டுரைகளும் எழுதினார். 1913இல் குழுவின் வரலாற்றை அவர் எழுதியபோது மற்றவர்கள் கோபப்பட்டு, அத்தோடு குழுவே கலைந்தது.

அதனால் தாக்கம் பற்றி ஓவியர் சொல்வதைவிடக் கண்காட்சித் தேதிகளையும் கடிதங்களையும் நம்புங்கள். மங்கைத் தங்களோடு காட்சிக்கு வைக்க இதே குழு மீண்டும் மீண்டும் அழைத்தது, அவர் வரவில்லை. 1909 ஜனவரியில் பெர்லினில் மத்தீஸ் கண்காட்சியைப் பார்த்துவிட்டுக் கிர்ஷ்னரும், குழுவில் பின்னர் சேர்ந்த பெக்ஷ்டைனும் ஹெக்கெலுக்கு அஞ்சலட்டை போட்டார்கள். அந்த அட்டையை மறுக்க முடியாது. இத்தனைக்கும் பிறகும் கிர்ஷ்னர் பெரிய ஓவியர்தான்.

இதை நாஜிகள் தடைசெஞ்சாங்க. ஆனா நோல்டே நாஜி கட்சிக்காரர்னு படிச்சேன். எப்படி?

இரண்டும் உண்மை. நோல்டே கட்சி உறுப்பினர், யூத வெறுப்பும் அவரிடம் இருந்தது. தன் கலைதான் அசல் ஜெர்மானியக் கலை என்று நம்பினார். தேர்ந்தெடுத்த மூதாதையர் பற்றி மேலே சொன்னேனே, அதன் ஆபத்து இங்கே தெரிகிறது. க்ரூனவால்ட், பழைய மரச்செதுக்கு என்று வேர் தேடியவர்களில் சிலர் அதை ரத்தத்தோடும் மண்ணோடும் முடிச்சுப் போட்டார்கள். 1933 வாக்கில் எக்ஸ்பிரஷனிசமே தேசியக் கலை என்று வாதாடிய நாஜி மாணவர்களும் இருந்தார்கள். ஹிட்லர் அதை ஏற்கவில்லை. 1937 ஜூலையில் மியூனிக்கில் திறந்த 'சீரழிந்த கலை' கண்காட்சியில் நோல்டேயின் படங்களும் தொங்கின. அருங்காட்சியகங்களிலிருந்து அவருடைய படைப்புகள் ஆயிரத்துக்கும் மேல் பறிக்கப்பட்டன. கிர்ஷ்னர் மறு ஆண்டு ஜூனில் தாவோஸில் தற்கொலை செய்துகொண்டார்.

புதுசா பாக்குறவங்க எங்கிருந்து ஆரம்பிக்கலாம்?

வரலாற்று வரிசையைவிட, இரண்டிரண்டு படங்களாகப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது பலன் தரும். 'இரவு விடுதி'யையும் கிர்ஷ்னரின் டிரெஸ்டன் தெருக்காட்சியையும் சேர்த்துப் பாருங்கள். என்சோரின் முகமூடிகளை நோல்டேயின் முகமூடிகளோடு பாருங்கள். மங்கின் மரச்செதுக்குகளை ஹெக்கெலின் மரச்செதுக்குகளோடு பாருங்கள். பெரிய அருங்காட்சியகங்கள் பல, நன்கு உருப்பெருக்கக்கூடிய படங்களைத் தங்கள் தளங்களில் வைத்திருக்கின்றன. முழுப் படத்தைப் பார்த்ததும் நிறுத்திவிடாமல் ஓரங்களைப் பெரிதாக்குங்கள், தூரிகை எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் போனது என்று தேடுங்கள்.

நேரில் போக முடிந்தவர்களுக்கு: ஆஸ்லோவில் மங்க் அருங்காட்சியகமும் தேசிய அருங்காட்சியகமும், பெர்லினில் 1967இல் திறந்த ப்ரூக்கே ('பாலம்') அருங்காட்சியகம், மியூனிக்கில் 'நீலக் குதிரைவீரன்' படங்கள் உள்ள லென்பாக்ஹவுஸ் அருங்காட்சியகம். பிரான்சின் கொல்மாரில் இசன்ஹைம் பலிபீடத்தின் பலகைகளைப் பிரித்துத் தனித்தனியே நிறுத்தியிருக்கிறார்கள். சிலுவைக் காட்சியின் முன்னால் நின்றுவிட்டுத் திரும்பிவிட வேண்டாம். பின்னால் சுற்றிப் போய், அந்தோணியாரின் சோதனை இருக்கும் பலகையின் இடது கீழ் மூலையைப் பாருங்கள். வயிறு ஊதி, உடல் முழுவதும் கொப்புளங்களோடு ஒரு நோயாளி அங்கே கிடக்கிறார்.